கிழியாத படலம்

கல்முனையிலிருந்து பொத்துவில் வரை கடலோரமாகக் கிடக்கும் ஊர்களில் செம்பு பச்சையாவது யாருக்கும் புதினம் இல்லை. குளிரூட்டியின் வெளிப்பெட்டிக்குப் போகும் செப்புக் குழாய், இயந்திரப் படகின் பெற்றரியில் இறுக்கிய வயர்நுனி, சுவருக்கு வெளியே முறுக்கிவிட்ட மின்னிணைப்பு, எதுவானாலும் ஒரு மாரி கழிவதற்குள் அதன்மேல் பச்சைப்பொடி பூத்துவிடும். வாடைக் காற்று கடலின் உப்பை நேரே வீட்டுக்குள் கொண்டுவந்து போடுகிறது. கச்சான் அடிக்கும் மாதங்களில் காற்று தரைப்பக்கமிருந்து காய்ந்து வந்தாலும் படிந்த உப்பு போய்விடுவதில்லை. இரவில் ஈரம் ஏறியதும் அது மறுபடி கசிகிறது. இதற்கு எல்லாரும் செய்யும் வைத்தியம் ஒன்று உண்டு. இணைப்பின்மேல் பொலித்தீனை இறுக்கிச் சுற்றி நூலால் கட்டிவிடுவார்கள். சில மாதம் கழித்து அவிழ்த்தால் பொலித்தீனில் ஒரு கிழிசலும் இருக்காது. உள்ளே ஈரம் கோத்து நிற்கும். கம்பி விரல் பட்டாலே உதிரும். பக்கத்தில் ஒன்றும் சுற்றாமல் விட்ட இணைப்போ பல இடங்களில் பச்சை பிடித்தபடியே இன்னும் வேலை செய்துகொண்டிருக்கும். உறை பழுதாகாமல் இருக்க, உறைக்குள் இருப்பது பழுதாகிப்போகும் இந்தக் கதை, நம் காலத்தின் மிகப் புதிய பூச்சொன்றிலும் நடந்திருக்கிறது. அந்தப் பூச்சின் பெயர் கிரபீன்.

தமிழில் அரிப்பு என்ற ஒரே சொல் கடல் கரையைத் தின்பதற்கும் காற்று உலோகத்தைத் தின்பதற்கும் பொதுவாக நிற்கிறது. செம்பின் அரிப்புக்குக் களிம்பு என்று தனிப்பெயர் கிடைத்திருக்கிறது, அந்தப் பெயருக்கு மெய்யியல் கனமும் உண்டு. உயிரோடு கூடவே இருக்கும் ஆணவ மலத்துக்குச் சைவ சித்தாந்தம் செம்பிலுள்ள களிம்பை உவமை காட்டும். செம்பு என்று தோன்றியதோ அன்றே களிம்பும் தோன்றியது என்பது அந்த உவமையின் உள்ளீடு. குர்ஆனின் 83ஆம் அத்தியாயம் மனிதர் செய்துவந்தவை அவர்களின் உள்ளங்களில் துருவாகப் படிவதைப் பேசுகிறது. அங்கே கறை பிறவியோடு வருவதில்லை, செயலால் வந்து சேர்வது. சாய்ந்தமருதும் காரைதீவும் ஒன்றையொன்று ஒட்டிய ஊர்கள். இந்த இரு உவமைகளும் அதே நெருக்கத்தில் ஒரே மொழிக்குள் வாழ்கின்றன. ஒன்று மாசை உள்ளே தேடுகிறது, மற்றது வெளியிலிருந்து வரும் வழியைக் காட்டுகிறது. இரசாயனம் இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல வந்ததல்ல. ஆனால் கிரபீன் போர்த்திய செம்பைப் பார்க்கும்போது மூன்றாவது ஓரிடம் கண்ணில் படுகிறது: போர்வைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள இடுக்கு. இந்தக் கட்டுரை முழுவதும் அந்த இடுக்கைப் பற்றியதுதான்.

கிரபீன் என்பது காபன் அணுக்கள் அறுகோணம் அறுகோணமாகக் கைகோத்து நிற்கும் ஒற்றைப் படலம். நம் பாடநூல்கள் காரீயம் என்றும் பென்சிற்கரி என்றும் சொல்லும் பொருள், இத்தகைய படலங்கள் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டதுதான். போகலையிலும் கஹட்டகஹவிலும் பாறை வெடிப்புகளுக்குள் நரம்புபோல் ஓடும் இலங்கைக் காரீயம் உலகிலேயே மிகத் தூய்மையான வகைகளில் ஒன்று. ஒரு மில்லிமீற்றர் கனமுள்ள காரீயத்தில் ஏறத்தாழ 30 இலட்சம் படலங்கள் இருக்கும். அதில் ஒன்றைத் தனியே உரித்தெடுக்க முடியும் என்று மான்செஸ்டரில் கைம், நோவோசெலோவ் இருவரும் 2004 இல் ஒட்டுநாடாவைக் கொண்டு காட்டினார்கள். 2010 இல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2008 இல் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வு, ஓர் அணுக் கனமே உள்ள இந்தப் படலம் ஹீலியம் வாயுவைக்கூட ஊடுருவ விடாது என்று காட்டியது. மறு ஆண்டு டெக்சாஸ் பல்கலைக்கழகத்தார் செப்புத் தகட்டை ஏறத்தாழ 1000 பாகை வெப்பத்தில் வைத்து மெதேன் வாயுவைச் செலுத்தி, அந்தத் தகட்டின் மேலேயே பெரிய பரப்பில் கிரபீனை வளர்த்தார்கள். இரண்டையும் சேர்த்துப் பார்த்த யாருக்கும் அடுத்த எண்ணம் தானாக வரும். எந்த வாயுவையும் விடாத படலம் செம்பின்மேல் தானே வளர்கிறது என்றால், செம்புக்கு இதைவிட நல்ல கவசம் ஏது? 2011 இல் முதற் சான்றும் வந்தது. கிரபீன் போர்த்திய செம்பு 200 பாகை வெப்பத்தில் காற்றில் 4 மணிநேரம் இருந்தும் பளபளப்புக் குன்றவில்லை. ஐதரசன் பேரொட்சைட்டில் இட்ட இரண்டு அமெரிக்கச் செப்பு நாணயங்களில், போர்வை உள்ளது மின்னியது, இல்லாதது கறுத்தது. அந்தப் புகைப்படத்தைப் பார்த்தவர்கள் நம்பியதில் பிழை இல்லை. பரிசோதனை மெய்யானது. அது பார்த்தது 4 மணிநேரம் மட்டுமே என்பதுதான் பிறகு முக்கியமாயிற்று.

போர்த்திய செம்பைச் சும்மா அறைக்காற்றில் வைத்துவிட்டால் என்ன ஆகிறது? 2014 இல் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் கவனித்தது, நான் இங்கே நின்று பேச விரும்புவதும் அதில்தான். கருவி நமக்கு அந்நியமானதல்ல. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி.வி. இராமன் 1928 இல் கண்டறிந்த ஒளிச்சிதறலே அதற்கு அடிப்படை. லேசர் ஒளியைப் பாய்ச்சினால் காபன் வலையின் அதிர்வுகள் திரும்பும் ஒளியில் தம் முத்திரையைப் பதித்து அனுப்பும். நாட்கள் செல்லச் செல்ல அடியிலுள்ள செம்பு தானாக ஒட்சியேறியது. அதோடு முத்திரையும் மாறியது. கிரபீனின் இரு முதன்மை அதிர்வுகளும் தாழ்ந்த பக்கம் நகர்ந்தன. அவற்றின் ஒளிச்செறிவு பத்து மடங்குக்கும் மேல் வேறுபட்டது. அவசரப்பட்டால் படலம் சிதைந்துவிட்டது என்றோ அதன் மின்னேற்றம் மாறிவிட்டது என்றோ சொல்லிவிடலாம். ஆய்வாளர்கள் வேறு கருவிகளாலும் பார்த்தபோது இரண்டும் நடக்கவில்லை. காபன் வலையின் ஒழுங்கு குலையவே இல்லை. செம்பு ஒட்சைட்டாகும்போது முன்பிருந்ததைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேலான இடத்தைப் பிடிக்கும். ஆகவே அடித்தளம் மேடும் பள்ளமுமாகப் புடைத்தது; மேலே இருந்த படலம் அந்த மேடுபள்ளங்களின்மீது இழுபட்டு நீண்டது. பாயின் கீழே நெல் சிந்தினால் பாயின் பின்னல் அறாமலே பாய் மேடிடுவதுபோல. இழுபட்ட பிணைப்பு மெதுவாக அதிரும், அதனால்தான் அதிர்வெண் தாழ்ந்தது. ஒளிச்செறிவின் மாற்றத்துக்குக் காரணம் கிரபீனிலேயே இல்லை. நடுவில் புதிதாய் முளைத்த மெல்லிய ஒட்சைட்டுப் படை ஒளி உள்ளே போய்த் திரும்பும் விதத்தை மாற்றியது, தண்ணீரில் எண்ணெய்ப் படை நிறம் காட்டுவதுபோல.

இந்த முடிவை நன்றாக உள்வாங்க வேண்டும். பூச்சை மட்டும் சோதித்தால் பூச்சு நலம். கிழிசல் இல்லை, ஓட்டை பெருகவில்லை, பளிங்கு ஒழுங்கு அப்படியே. ஆனால் பூச்சு எதற்காகப் பூசப்பட்டதோ அந்தச் செம்பு கீழே வேறு பொருளாகிக்கொண்டிருக்கிறது. பூச்சில் தெரிந்த மாற்றமெல்லாம் செம்பின் மாற்றத்தின் நிழல். ஒரு காப்பு நலமாக இருக்கிறது என்பதும் அது காக்கிறது என்பதும் இரண்டு தனித்தனிச் செய்திகள். முதலாவதை வைத்து இரண்டாவதை ஊகிக்க முடியாது. கேட்கும்போது எளிய விடயம்போல் இருக்கிறது. ஆயினும் ஒரு பூச்சை விற்பவரும் வாங்குபவரும் சோதனைச் சான்றிதழ் எழுதுபவரும் பெரும்பாலும் முதலாவதைத்தான் அளக்கிறார்கள், ஏனென்றால் அதுவே அளக்க இலகு.

ஹீலியத்தையே விடாத படலத்துக்குக் கீழே ஒட்சிசன் எப்படிப் போனது? ஹீலியத்தை மறித்தது ஒரே பளிங்காய் இருந்த மிகச் சிறிய துண்டு. தகட்டில் வளர்வதோ ஆயிரக்கணக்கான புள்ளிகளில் தனித்தனியே முளைத்து, பரவி, ஒன்றோடொன்று முட்டி இணையும் துண்டுகள். முட்டிய இடமெல்லாம் தையல். 2012 இல் கொரிய ஆய்வாளர்கள் இந்தத் தையல்களைச் சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியிலேயே காட்டினார்கள். ஈரக் காற்றில் வைத்துப் புறஊதாக் கதிரை அடித்தார்கள், தையல் வழியாக நுழைந்தவை நேர்கீழே இருந்த செம்பை ஒட்சியேற்றின, செம்பு புடைத்தது, கண்ணுக்குத் தெரியாத தையல்கள் கோடு கோடாக எழுந்து நின்றன. அதோடு சுருக்கங்களும் உண்டு. 1000 பாகையிலிருந்து ஆறும்போது செம்பு சுருங்குகிறது, கிரபீன் சுருங்குவதில்லை. மிஞ்சிய துணி மடிவதுபோல் படலம் மடிந்து வரிச்சுருக்கம் விழுகிறது. அந்தச் சுருக்கங்களின் அடியால் நீர் ஓடுகிறது.

இதுவரை சொன்னது கவசத்தில் ஓட்டை உண்டு என்பது மட்டுமே. ஓட்டைக் கவசமும் வெறும் உடம்பைவிட மேல் என்று ஒருவர் வாதிடலாம். 2013 இல் பெர்க்லியில் அலெக்ஸ் செற்றலின் குழு வெளியிட்ட ஆய்வு அந்த வாதத்தையும் எடுத்துவிட்டது. அதன் தலைப்பே கிரபீன் நீண்டகாலத் தடுப்பாக ஒன்றும் இல்லாததைவிட மோசம் என்று சொல்கிறது. குறுகிய காலத்தில் போர்வை செம்பைக் காக்கிறது. காலம் நீளும்போது, போர்த்திய செம்பு போர்த்தாத செம்பைவிட அதிகமாக அரிபடுகிறது. அதே ஆண்டு பிற்ஸ்பேர்க்கிலிருந்தும் இதே திசையில் முடிவு வந்தது. காரணம் இரண்டு. முதலாவது, வெறுஞ்செம்பு தன்னைத் தானே கொஞ்சம் காத்துக்கொள்ளும். காற்றுப் பட்டதும் மேலே சீரான ஒட்சைட்டுத் தோல் ஒன்று படர்ந்து, மேற்கொண்டு ஒட்சிசன் உள்ளே போவதை மந்தப்படுத்துகிறது. நியூயோர்க் துறைமுக வாயிலில் 1886 முதல் நிற்கும் சுதந்திரச் சிலையின் தோல் வெறும் 2.4 மில்லிமீற்றர் கனமான செம்பு. கடற்காற்றில் பச்சையாகி நிற்பதே அதன் காப்பு. போர்வைக்குக் கீழே அந்தச் சீரான தோல் உருவாக வழியில்லை, தையல் கண்ட இடத்தில் மட்டும் தின்னல் நடக்கிறது. இரண்டாவது காரணம்தான் பெரியது. கிரபீன் மிகச் சிறந்த மின்கடத்தி. கடல்நீரில் உலோகங்களை அவற்றின் உயர்வு தாழ்வுப்படி வரிசைப்படுத்தினால், காரீயம் வரிசையின் உச்சியில் நிற்கும். செம்பு அதற்கு வெகு கீழே. இரண்டையும் தொடவிட்டு ஈரத்தில் வைத்தால் ஒரு சிறு மின்கலம் உண்டாகிறது. செம்பு இலத்திரன்களை விட்டுக் கரைகிறது; அந்த இலத்திரன்கள் படலம் முழுவதும் பரவி, மேலேயுள்ள ஒட்சிசனைச் சந்திக்கின்றன. ஒட்சிசன் செம்பிடம் வரத் தேவையே இல்லை. கவசம் தன் முழுப் பரப்பையும் அரிப்புக்குக் கடன் கொடுத்துவிடுகிறது. படலம் பெரிய கதோட்டு, செம்பு ஊசிமுனை அளவான அனோட்டு: பள்ளம் ஆழமாவதற்கு இதைவிட வாய்ப்பான நிலை இல்லை.

இரும்பாணியில் செப்புக் கம்பியைச் சுற்றி ஏகார்க் கூழில் வைத்தால் ஆணி விரைவில் துருப்பிடிப்பதையும், நாகத் துண்டைச் சுற்றினால் ஆணி தப்புவதையும் பள்ளி ஆய்வுகூடங்களில் காட்டுவார்கள். கடல் இந்தப் பாடத்தை முன்பே நடத்தியிருக்கிறது. மரக்கலங்களின் அடியைத் துளைக்கும் புழுவுக்கு அஞ்சி, பிரித்தானியக் கடற்படை 1761 இல் ‘அலாம்’ என்ற போர்க்கப்பலின் அடிப்பகுதிக்குச் செப்புத் தகடு அடித்து மேற்கிந்தியத் தீவுகளுக்கு அனுப்பியது. இரண்டு ஆண்டுக்குப் பின் சோதித்தபோது தகடு நன்றாக இருந்தது, மரமும் நன்றாக இருந்தது. தகட்டைப் பிடித்திருந்த இரும்பாணிகள் பல இடங்களில் கரைந்துபோயிருந்தன. சில ஆணிகள் மட்டும் புத்தம் புதிதாய் நின்றன. காரணத்தைத் தேடியபோது தெரிந்தது இது: செப்புத் தகடுகள் கட்டடித்து வந்தபோது சுற்றியிருந்த பிறவுண் பேப்பரை வேலையாட்கள் சில இடங்களில் முழுக்க உரிக்காமல் விட்டிருந்தார்கள். பேப்பர் நடுவில் அகப்பட்ட இடத்தில் ஆணி பிழைத்தது. நம் பிள்ளைகளின் பாடப்புத்தகத்துக்கு உறை போடும் அதே வகைப் பேப்பர். நகத்தால் கீறினாலே கிழியும், தண்ணீரில் ஊறும். ஆனால் இலத்திரனுக்கு வழிவிடாது. மின்னைக் கடத்தாத பொருளுக்கு இலங்கைத் தமிழ்ப் பாடநூல்கள் காவலி என்று பெயர் வைத்திருக்கின்றன. பெயர் வைத்தவர்கள் மின்னை மனதில் வைத்துத்தான் வைத்திருப்பார்கள், இருந்தாலும் உலோகக் காப்புக்கும் அந்தச் சொல்லைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. கிரபீன் உருக்கைவிட வலிமையானது, வாயுவை விடாதது, ஆனால் காவலி அல்ல. பேப்பர் வலுவற்றது, ஈரத்தை விடுவது, ஆனால் காவலி. ஆணியைக் காத்தது எது என்பது 1763 இலேயே தெரிந்துவிட்டது.

நமது வீடுகளில் இருந்த பழைய முறையையும் இங்கே பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களின் உட்புறத்துக்கு ஈயம் பூசுகிறவர்கள், பாத்திரத்தை முதலில் உமியும் மணலும் கொண்டு தேய்த்துப் பச்சையைப் போக்குவார்கள். பிறகு தணலில் சுடவைத்து நவச்சாரத்தைத் தூவுவார்கள். வெண்புகை எழும்போது மிஞ்சியிருந்த ஒட்சைட்டும் அதோடு போய்விடும். வெள்ளீயக் குச்சியை வைத்ததும் 232 பாகையில் உருகி ஓடும். பஞ்சால் ஒரே இழுப்பில் துடைத்தால் உட்புறம் முழுக்க வெள்ளி பரவும். நான் சுட்டிக்காட்ட விரும்புவது அந்த வெள்ளிக்கு அடியில் நடப்பதை. உருகிய ஈயம் செம்பின்மேல் சும்மா படுத்திருப்பதில்லை. எல்லையில் செம்பணுக்களோடு கலந்து புதிய கூட்டுலோகப் படை ஒன்றை உண்டாக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் நீர் ஓட இடுக்கு மிஞ்சுவதில்லை. மேலும், ஈயம் செம்பைவிடத் தாழ்ந்த வரிசையில் நிற்பதால், கீறல் விழுந்தாலும் முதலில் ஈயமே அரிபடும். அது தேய்வதும் கண்ணுக்குத் தெரியும்: வெள்ளிக்குள் செம்மை எட்டிப்பார்த்தால் மறுபடி பூசும் காலம் வந்துவிட்டது என்று பொருள். தகரக் கூரையிலுள்ள நாகப்பூச்சும் இந்த வழியில்தான் இரும்புக்காகத் தன்னைக் கொடுக்கிறது. காப்பில் இரண்டு குணங்களில் ஒன்றாவது வேண்டும் என்று இவை சொல்கின்றன: காக்கப்படுவதோடு இறுகப் பிணைந்திருப்பது, அல்லது அதற்கு முன்னே தான் அழிய இருப்பது. செம்பின்மேல் வளர்ந்த கிரபீன் பெரும்பாலும் வலுவற்ற ஈர்ப்பால் ஒட்டிக்கொண்டிருக்கிறது, தான் அழிவதுமில்லை. அழியாமை என்று புகழப்படுவது இங்கே குறையாகிறது.

இதற்கு மறுப்புகள் உண்டு, அவை வலிமையானவையும்கூட. முதலாவது, 2013 இன் முடிவுகள் தையலும் சுருக்கமும் நிறைந்த கிரபீனைப் பற்றியவை, நல்ல கிரபீனைப் பற்றியவை அல்ல என்பது. 2018 இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு இந்த மறுப்புக்கு உயிர் கொடுத்தது. செம்பின் பளிங்கு முகங்களில் ஒன்றின் அணுவடுக்கு கிரபீனின் அடுக்கோடு நன்கு பொருந்துகிறது. அந்த முகத்தில் வளர்ந்த படலம் செம்போடு இறுகி நிற்கிறது; ஈரக் காற்றில் நீண்ட காலம் வைத்தும் செம்பு ஒட்சியேறவில்லை. பொருந்தாத முகத்திலோ நீர் இடுக்குக்குள் நுழைந்து பரவுகிறது. இது என் வாதத்தை உடைக்கிறதா? முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் அங்கே வேலை செய்தது படலத்தின் ஊடுருவ விடாத தன்மை மட்டுமாக இருந்தால் இரு முகங்களிலும் ஒரே விளைவு வந்திருக்க வேண்டும். வந்த வேறுபாடு முழுவதும் பிணைப்பின் வேறுபாடு. இடுக்கை மூடினால் காப்பு, திறந்தால் அரிப்பு என்பதை இந்த ஆய்வு எனக்கு எதிராக அல்ல, எனக்காகவே சொல்கிறது. ஒரே பளிங்கான செம்பு வயரைச் சாதாரணக் கடைகளில் வாங்க முடியாது என்பதையும், ஒரு சிறு கீறல் விழுந்த கணமே மறுபடி அந்தப் பெரிய கதோட்டும் சிறிய அனோட்டும் எதிரெதிரே நிற்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது மறுப்பு நாட்டுக்கு நெருக்கமானது. ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனம் உள்ளூர்க் காரீயத்திலிருந்து கிரபீன் வகைப் பொருட்களை ஆக்கும் முறைகளில் வேலை செய்திருக்கிறது. அப்படிக் கிடைக்கும் துகள்களைப் பூச்சுமையில் கலந்து இரும்பிலும் செம்பிலும் தீட்டலாம். உலகெங்கும் அது நடக்கிறது, பயனும் தருகிறது. மண்ணிலிருந்து வெட்டியதை அப்படியே கப்பலேற்றிக்கொண்டிருந்த நாடு அதை உயர்ந்த பொருளாக்கி விற்பதை இக்கட்டுரை குறைசொல்கிறதா என்று கேட்கலாம். இல்லை, அதை மனமார வரவேற்கிறது. ஆனால் மையில் கலந்த கிரபீன் வேறு வேலை செய்கிறது. அங்கே துகள்கள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றையொன்று தொடாமல் பிசினுக்குள் கிடக்கின்றன; நீரும் உப்பும் அவற்றைச் சுற்றிச் சுற்றி நெடுவழி நடந்தே உலோகத்தை அடைய வேண்டியிருக்கிறது. இலத்திரன் வழியை மறிப்பது பிசின். அதாவது பிசினே காவலி, கிரபீன் அதன் உதவியாள். துகளைக் கூட்டிக் கூட்டிப் போட்டு அவை ஒன்றையொன்று தொடும் அளவை எட்டினால் மை முழுவதும் கடத்தியாகி, பழைய ஆபத்து திரும்பி வரும். கூடுதலாகப் போட்டால் கூடுதல் காப்பு என்ற கணக்கு இங்கே பொய்க்கும். இதே அறுகோண வலையைக் காபனுக்குப் பதிலாகப் போரனாலும் நைதரசனாலும் பின்னினால் கிடைக்கும் படலம் மின்னைக் கடத்தாது. நீண்டகாலக் காப்புக்கு அதை நோக்கி ஆய்வாளர்கள் திரும்பியிருப்பதற்குக் காரணமும் அதுதான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. கீழே செம்பு ஒட்சியேறுவது எல்லாருக்கும் நட்டம் அல்ல. 2015 இல் ஜேர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள் அதையே கருவியாக்கினார்கள். செம்பில் வளர்ந்த கிரபீனை மின்னணுக் கருவிகளுக்கு எடுக்க வேண்டுமானால் வழக்கமாகச் செம்பை அமிலத்தில் கரைத்துவிடுவார்கள். படலம் அழுக்காகும், செம்பும் வீண். இவர்கள் போர்த்திய செம்பைக் காற்றில் வைத்துக் காத்திருந்தார்கள். இடுக்கில் ஒட்சைட்டு பரவப் பரவப் படலத்தின் பிடி தளர்ந்தது. பிறகு வேறொரு தட்டையான பளிங்கால் ஒற்றி எடுத்தபோது கிரபீன் காய்ந்தபடியே, மிக உயர்ந்த தரத்தில் கழன்று வந்தது. செம்பை மறுபடி உலையில் வைத்தார்கள். காப்பைத் தோற்கடித்த அதே நிகழ்வு, பறித்தெடுப்பதற்கு உற்ற துணையாயிற்று. போர்வைக்குக் கீழே நடப்பதை அறிந்தவர்களுக்கே இந்தப் பயன் கிடைத்தது.

இனி நம் கரைக்கு வருவோம். ஒலுவிலில் 2013 இல் திறக்கப்பட்ட துறைமுகத்தின் அலைதடுப்புகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன. அவற்றின் தெற்கே மணல் குவிந்தது, வடக்கே கரை அரிபட்டு ஒலுவிலிலும் நிந்தவூர்ப் பக்கத்திலும் தென்னைகள் கடலில் சாய்ந்தன. மணலும் இலத்திரனும் ஒரே விதிக்குக் கட்டுப்பட்டவை என்று நான் சொல்லவரவில்லை. கரை நெடுக வடக்கு நோக்கி ஓடும் மணலின் வழியை மறித்தால் பசி இன்னோர் இடத்தில் எழும்; அவ்வளவே ஒப்புமை. ஆனால் ஒரு தடுப்பைப் பார்த்து அது சேதமில்லாமல் நிற்கிறதா என்று கேட்பதோடு நிறுத்திக்கொண்டால் எது விடுபடும் என்பதை அந்தக் கரையில் வாழ்பவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. புதிய பூச்சுகள் இங்கேயும் வரும். படகின் மின்னிணைப்புக்கு, சூரிய மின்பலகையின் முனைகளுக்கு, குளிரூட்டியின் குழாய்களுக்கு என்று அவை விற்கப்படும். பெட்டியின்மேல் சோதனை முடிவும் அச்சிடப்பட்டிருக்கும். அந்தச் சோதனை எத்தனை மணிநேரம், எந்தக் காற்றில், உப்போடா உப்பில்லாமலா என்று கேட்க நமக்கு உரிமை உண்டு. உலர்ந்த 200 பாகையில் 4 மணிநேரம் தாங்கியது, ஈரமும் குளோரைட்டும் மிதக்கும் 30 பாகையில் 14 மாதம் தாங்கும் என்பதற்கு உறுதியாகாது.

இதற்குப் பெரிய ஆய்வுகூடம் வேண்டும் என்பதில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் கடலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதன் பிரயோக விஞ்ஞான பீடம் சம்மாந்துறையில், வயல் வெளியில், கடலிலிருந்து சில கிலோமீற்றர் உள்ளே. ஒன்று உப்புக்காற்றின் நடுவில், மற்றது அதிலிருந்து சற்று விலகி. இதைவிடப் பொருத்தமான இரண்டு சோதனைத் தளங்களைத் தேடிப்போக வேண்டியதில்லை. இரண்டிலும் ஒரு மரச்சட்டம் நட்டு, பூசிய செப்புத் துண்டுகளை வரிசையாகத் தொங்கவிட்டு, ஒரு வாடையும் ஒரு கச்சானும் முழுதாகக் கடந்துபோக விட வேண்டும். மாதம் ஒரு துண்டைக் கழற்றி, பூச்சைக் கழுவி நீக்கி, கீழே மிஞ்சிய செம்பை நிறுக்க வேண்டும். பூச்சை அல்ல, செம்பை. ஒவ்வொரு வரிசையிலும், பூசிய துண்டுக்குப் பக்கத்தில், அதே தகட்டிலிருந்து வெட்டிய, ஒன்றும் பூசாத ஒரு செப்புத் துண்டும் பச்சையேறியபடி தொங்க வேண்டும்.